டைட்டனில் பாதி தமிழ்நாடு

டைட்டன் என்றதும் நமக்கு டாடா ஞாபகம்தான் வரும். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு. இரண்டின் ஆங்கில எழுத்துகளையும் ஒட்டவைத்த பெயர் அது.

1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அது லைசென்ஸ் காலம். வாட்ச் என்றால் பெரும்பாலும் ஹெச்எம்டி. அது மத்திய அரசுடையது. ஏகபோகத் தடைச் சட்டம் இருந்ததால் பெரிய குழுமம் தனியாக உள்ளே நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு மாநில அரசு பங்காளியாக வந்தால் கதவு கொஞ்சம் திறக்கும். அரசுக்கு வேறு கணக்கு: ஓசூர். அன்றைய தர்மபுரி மாவட்டம், வறண்ட பூமி. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படிப்பை முடித்த பிள்ளைகளை எடுத்து குவார்ட்ஸ் வாட்ச் கோர்க்கப் பழக்கினார்கள். (பல வீடுகளில் அதுதான் முதல் மாதச் சம்பளமாக இருந்திருக்கும்.)

91-க்கு அப்புறம் அரசு தன் பங்கை விற்றுவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஹெச்எம்டி வாட்ச் கம்பெனியை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. டிட்கோவோ டைட்டனில் சுமார் 28 சதவீதம் வைத்திருக்கிறது, டாடா குழுமத்தைவிட அதிகம். இதை வெறும் தனியார் வெற்றிக் கதையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அரசே நடத்தியது என்பதும் பொய். சேர்மன் நாற்காலியில் டிட்கோ அனுப்பும் ஐஏஎஸ் அதிகாரி, கம்பெனியை ஓட்டுவது டாடா ஆட்கள்.