நியூ இங்கிலாந்து உழவர் இல்லத்து உடைமைப் பட்டியல்கள்

கி.பி. 1620-இல் பிளிமத்தில் ஆங்கிலேயர் குடியேறியதைத் தொடர்ந்து, வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் நியூ இங்கிலாந்து எனப்பெறும் பகுதியில் உழவர் ஊர்கள் பல தோன்றின. அவ்வுழவருள் நாட்குறிப்போ கடிதமோ விட்டுச் சென்றோர் மிகச் சிலரே. ஆயினும் அவர்தம் இல்லத்துள் இன்று யாம் புகுதற்கு ஒரு வாயில் உண்டு. அஃது அவர்கள் இறந்தபின் எழுதப்பெற்ற உடைமைப் பட்டியலாகும்.

ஒருவர் இறந்ததும் அயலார் இருவரோ மூவரோ அவர் இல்லம் சென்று, பொருள்களைப் பார்வையிட்டுப் பவுன், சில்லிங்கு, பென்சு என்ற கணக்கில் விலை மதிப்பர். பட்டியல் நீதிமன்றத்தில் ஒப்புவிக்கப்பெறும். கடன் தீர்த்தற்கும் பங்கு பிரித்தற்கும் ஏற்பட்ட முறை இது. வரலாறு எழுதும் எண்ணம் அவ்வயலார்க்கு இல்லை. அதனாலேயே அவர் எழுத்து எமக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அவர்கள் பலகால் அறை அறையாக நடந்தே எழுதினர். ஆகலின் அடுப்புக் கூடத்தில் இருந்தது எது, உள்ளறையில் இருந்தது எது என்பனவும் புலனாகின்றன. மாசச்சூசெட்சைச் சார்ந்த சஃபோக்கு மாவட்டத்தின் ஊர்ப்புறப் பட்டியல்களை, 1675 முதல் 1775 வரை, ஆபட் லோவல் கம்மிங்சு தொகுத்து 1964-இல் வெளியிட்டார்.

இப்பட்டியல்களைக் காண்போர் முதற்கண் வியப்பது படுக்கையின் விலையை. படுக்கை என அவர்கள் எழுதியது மெத்தையை. கட்டில் வேறாகக் குறிக்கப்பெறும். இறகடைத்த மெத்தை, தலையணை, கம்பளி, திரைச்சீலை ஆகியவற்றோடு கூடிய நல்ல படுக்கையொன்று கறவைப் பசுவின் விலையை எட்டுதலும் உண்டு. அது பெரும்பாலும் வீட்டின் சிறந்த அறையிலேயே இடப்பெற்றது. நாற்காலிகளோ சிலவே, முக்காலியிலும் விசிப்பலகையிலும் பெட்டியின் மீதும் பலர் அமர்ந்தனர். இரும்புப் பானை, அதனை அடுப்பின்மேல் தொங்கவிடும் கொக்கி, வெள்ளீயக் கலவைத் தட்டு, இராட்டை, விவிலிய நூல் என வரிசை தொடரும். 17-ஆம் நூற்றாண்டில் முள்கரண்டி காண்டல் அரிது. அம்மக்கள் கையாலும் கரண்டியாலுமே உண்டனர்.

இதனைக் கொண்டு அவ்வுழவர் எளிய வாழ்வினர், பொருட்பற்று அற்றவர் எனப் புகழ்வாரும் உளர். அதற்கு யாம் உடன்படுகிலேம். பட்டியலில் இல்லாதது இல்லத்திலும் இல்லை என்று கொள்ளுதல் பிழை. மலிவான மட்கலமும் மரத்தட்டும் ‘பிற தட்டுமுட்டுகள்’ என ஒரே வரியில் அடங்கிவிடும். பட்டியலையும் அகழாய்வையும் இணைத்தே கற்றல் வேண்டும் என்பதை ஜேம்சு டீட்சு தம் 1977-ஆம் ஆண்டு நூலால் விளக்கினார். ஆலிசு ஹான்சன் ஜோன்சு 1774-ஆம் ஆண்டின் செல்வநிலையை ஆராய்தற்கு 919 பட்டியல்களைப் பயன்படுத்தினார். எனினும் ஏதுமற்ற ஏழைகளுட் பலர்க்குப் பட்டியலே எழுதப்பெறவில்லை என்பதை மறத்தல் ஆகாது.

பெண்டிர் நிலை இன்னும் கருதத்தக்கது. ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுடையதாயிற்று. ஆகவே அவள் நாள்தோறும் சமைத்த பானையும் நூற்ற இராட்டையும் அவன் பட்டியலிலேயே ஏறின. கைம்மைக்கு வழக்கமாகக் கிட்டியது மூன்றில் ஒரு பங்கு. விருப்ப ஆவணங்கள் சிலவற்றில், தாய்க்கு ஓர் அறையும் அடுப்பினைப் பயன்படுத்தும் உரிமையும் தருதல் வேண்டும் எனவும், மகன் விறகு கொணர்தல் வேண்டும் எனவும் விதித்திருத்தலைக் காண்கின்றோம். நெடுநாள் தான் ஆண்ட அடுப்பில் சமைத்தற்கு எழுத்துரிமை பெறவேண்டிய நிலையில் அவள் இருந்தாள்.

உழவர் பட்டியல்கள் சிலவற்றில் எருதுக்கும் படுக்கைக்கும் இடையே மனிதரும் விலை குறிக்கப்பெற்றுள்ளனர். மாசச்சூசெட்சு 1641-இலேயே தன் சட்டத்தொகுப்பில் அடிமைமுறைக்கு இடம் தந்திருந்தது. அங்கு நீதிமன்றத் தீர்ப்பு அதனை மறுத்தது 1783-இல். இடைப்பட்ட நெடுங்காலத்து வரிகளில் ‘நீக்ரோச் சிறுவன்’ என்றோ ஓர் ஒற்றைப் பெயரோ மட்டும் காணப்பெறும். பிறந்த ஊர் இராது. தாய் தந்தையர் பெயர் இராது. விலை மட்டும் தவறாது இருக்கும்.