ஜூம் டார்க்ரூமில் இருந்த காலம்

"ஆள் படம் எடுக்க 85 பிரைம் வாங்கலாமுங்களா, இல்ல 70-200 ஜூமே போதுமுங்களா?" கோயமுத்தூரில் கேமரா விற்கிற எந்தக் கடையில் அரை மணி நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். யூடியூபில் இதற்கு ஆயிரம் பதில் இருக்கிறது. அந்தப் பதில்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. கேள்விக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தேடிப் போனதில் கிடைத்த சில குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு விஷயம். இந்தத் தேர்வே நம்ம ஊருக்கு ரொம்பப் புதுசு. நூறு வருஷத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் முகங்களைப் படம் பிடித்தவர்கள் எல்லோரும் பிரைம்காரர்கள்தான், அந்தப் பெயர் தெரியாமலே. குவியத் தூரம் மாறாத ஒரு லென்ஸ், அதை மாட்டிய ஒரு மரப்பெட்டி, ஒரு அறை. அவ்வளவுதான் ஸ்டுடியோ.

முகத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த முதல் லென்ஸ் 1840இல் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் டாகேர் தன் முறையை பாரிஸில் வெளியிட்டிருந்தார். அந்தக் கேமராவின் லென்ஸில் வெளிச்சம் போதாது. கட்டடத்தைப் படம் எடுக்கலாம், உயிரோடு இருக்கும் மனுஷனை நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார வைக்க முடியுமா? வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸை வடிவமைத்தார், வாய்க்ட்லாண்டர் நிறுவனம் செய்து விற்றது. பழைய லென்ஸை எஃப் 15 என்று வைத்தால் சுமார் 17 மடங்கு வெளிச்சம். கணக்குப் போட ஆள் போதாமல் ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்தவர்களை அவருக்கு உதவிக்குக் கொடுத்தார்கள் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் கலங்கியும் தெரியும். கணிதப்படி அது குறை. ஆனால் நடுவில் முகம் இருந்தால் அந்தக் குறையே அழகு. இன்றைக்குப் பின்னணி மங்கலுக்கு ஐம்பதாயிரம், லட்சம் என்று கொடுக்கிறோமே, அந்த ருசி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நம்ம பக்கம் கேமரா முதலில் முகத்துக்காக வரவில்லை. 1856இல் மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்து இடங்களையும் எடுத்து 1858இல் ஒரு ஆல்பம் வந்தது. எல்லாம் மலை, கோட்டை, கல். முகம் படத்துக்குள் வந்தது ஸ்டுடியோ வந்த பிறகு. ஏ.டி.டபிள்யூ. பென் என்ற இங்கிலாந்துக்காரர் ஊட்டியில் பல பத்தாண்டுகள் ஸ்டுடியோ நடத்தினார்; வெள்ளைக்காரக் குடும்பங்களையும் எடுத்தார், தோடர்களையும் எடுத்தார். (நீலகிரி 1868 வரை கோயமுத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. அதனால் அவரையும் நம்ம கணக்கில் சேர்த்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.)

சரி, அந்த ஸ்டுடியோ அறைக்குள் போவோம். வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி, பின்னால் தூண், படிக்கட்டு, ஏரி எழுதிய திரைச்சீலை, முன்னால் ஒரு நாற்காலி. கேமரா ஹாஃப் பிளேட், அதாவது நெகட்டிவ் 6½க்கு 4¾ அங்குலம். 8 அங்குல லென்ஸ் மாட்டி, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 7 அடி உயரத்தை அந்த நெகட்டிவில் அடக்க ஆளிடமிருந்து சுமார் 9½ அடி தள்ளி நிற்க வேண்டும். 10 அங்குல லென்ஸ் என்றால் 12 அடிக்குக் கொஞ்சம் குறைய. திரைக்கு முன்னால் மூணு அடி, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் குனிய மூணு அடி என்று கூட்டினால் 16 முதல் 18 அடி. அறையின் நீளமும் லென்ஸின் நீளமும் இப்படி ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்டவை. தரையில் ஒரு தடவை அடையாளம் வைத்துவிட்டால் அப்பாரு வந்தாலும் பேரன் வந்தாலும் நாற்காலி அதே இடம்தான்.

இந்தத் தூரம்தான் விஷயமே. முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கிடையாது, தூரம்தான் மாற்றுகிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் 5 அங்குலம் என்று வச்சுக்கோங்க. 2 அடியில் கேமரா இருந்தால் மூக்கு 24 அங்குலத்தில், காது 29இல். மூக்கு 21 சதவீதம் பெருசாகப் பதியும். 6 அடியில் அது 7 சதவீதம். 10 அடியில் 4 சதவீதம். பழைய ஸ்டுடியோப் படங்களில் நம்ம பாட்டன் பூட்டன்கள் எல்லோரும் ஒரு மரியாதையோடு தெரிவதற்கு தலைப்பாகையும் மீசையும் மட்டும் காரணமில்லை. செல்போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் அதே மூக்கு என்ன பாடு படுகிறது, பாருங்க.

அப்போ ஜூம்? அது டார்க்ரூமில் இருந்தது. தள்ளி நின்று எடுத்த நெகட்டிவை என்லார்ஜரில் ஏற்றி, வேண்டிய முகத்தை மட்டும் பெருசாக்குவார்கள். எழுபதுகள், எண்பதுகளில் பல ஸ்டுடியோக்களில் இருந்த யாஷிகா மேட் 124ஜி-யில் 80 மி.மீ. லென்ஸ் கழற்ற முடியாதபடி பொருத்தியிருக்கும். 1 மீட்டருக்கும் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. அதில் எடுத்த பாஸ்போர்ட் படம் எல்லாம் என்லார்ஜரில் ஜூம் செய்ததுதான். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பிலிம்கூட ஊட்டியிலேயே செய்யலாம் என்று அரசாங்கம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை ஆரம்பித்து, 1967இல் உற்பத்தி தொடங்கியது. இரண்டாவது லென்ஸ் என்பது சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால்தான்.

டார்க்ரூம் ஜூமுக்கு ஒரு எல்லை இருந்தது. அது தெரியவந்தது சாவு வீடுகளில். நிறைய அம்முச்சிகள், அப்பத்தாக்கள் தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தவர்கள். கருமாதிக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருப்பது யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, இரண்டாவது வரிசையில் ஓரமாக ஒரு முகம். அதைப் பெருசு பண்ணிக் கொடுங்க என்று ஸ்டுடியோவுக்குப் போவார்கள்.

20 அடி அகலத்துக்கு நிற்கும் ஒரு குரூப்பை எடுத்துக்கொள்வோம். ஹாஃப் பிளேட் நெகட்டிவில் ஒரு தலை 6 மி.மீ. உயரம் வரும். யாஷிகாவின் சதுர நெகட்டிவில் 2 மி.மீ. சாதாரண 35 மி.மீ. பிலிமில் ஒன்றரை மி.மீ.கூட வராது. சுவரில் மாட்டும் படத்தில் முகம் 4 அங்குலம் இருக்க வேண்டுமென்றால் முதலாவதை 16 மடங்கு பெருசாக்கினால் போதும். அடுத்ததை 48 மடங்கு. கடைசியை 75 மடங்கு. 1930களில் போன பாட்டியின் படம் தெளிவாகவும், 1980களில் போன பாட்டியின் படம் பாதி ஓவியமாகவும் தொங்குவதற்கு இதுதான் காரணம். கேமரா முன்னேறியது, நெகட்டிவ் சுருங்கியது. கண்ணுக்குப் பென்சில், புடவைக்குப் பிரஷ், மூக்குத்திக்கு ஒரு வெள்ளைப் புள்ளி என்று ரீடச் செய்தவர் கையில்தான் அந்தப் பாட்டியின் முகம் இருந்தது. நெகட்டிவே இல்லாமல் பிரிண்டைத் திரும்பக் காப்பி எடுத்த கேஸ்கள் இதைவிட மோசம்.

சினிமாக்காரர்களுக்கு இதே சிக்கல் வேறு மாதிரி. 1930களின் நடுவில் கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் வந்தன, அப்புறம் பட்சிராஜா. அந்தக் காலத்து மிட்செல் கேமராவின் முகப்பில் நாலு லென்ஸ் மாட்டும் சுழல் தட்டு உண்டு. குளோசப்புக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று என்று திருப்பிக்கொள்வார்கள். நாலும் பிரைம். முகத்தைக் காட்டுவதில் அவர்கள் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பதற்கு எல்லிஸ் ஆர். டங்கன் ஒரு உதாரணம். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு 'மந்திரி குமாரி' இயக்கியவர்களில் ஒருவர். அதற்கு முன் 1945இல் வந்த 'மீரா'வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யவைத்து, எந்தக் கோணத்தில் எந்த விளக்கு போட்டால் முகம் எப்படி வரும் என்று அதை வைத்துப் பழகினார்கள். லென்ஸ் விலையைப் பேசும் நேரத்தில் பாதியை நாம் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொடுக்கலாம்.

கோயமுத்தூர் என்றால் ஜி.டி. நாயுடு வராமல் இருப்பாரா? 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே பிலிமில் பிடித்தவர். சவர பிளேடு, ஜூஸ் பிழியும் இயந்திரம் என்று நீளும் அவருடைய கண்டுபிடிப்புப் பட்டியலில் பிலிம் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவியும் ஒன்று. லென்ஸை விட்டுவிட்டுத் தூரத்தில் கை வைத்தாரே, மெக்கானிக் மூளை.

ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் 1959இல் வந்தது. வாய்க்ட்லாண்டர் ஜூமார், 36-82 மி.மீ., எஃப் 2.8. பெட்ஸ்வால் லென்ஸை விற்ற அதே கம்பெனிப் பெயர்தான். 1963இல் நிக்கான் 43-86. அந்த லென்ஸில் நேர்கோடெல்லாம் வளையும். ஜூம் என்றாலே மட்டம் என்ற பேச்சு அந்தத் தலைமுறையில் நிலைத்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. நல்ல 70-200இல் எடுத்த படத்தையும் 85இல் எடுத்ததையும் சுவரில் மாட்டினால் கூர்மையை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மங்கல் விஷயத்திலும் ஒரு தப்புக் கணக்கு ஓடுகிறது. 85 எஃப் 1.8-ஐ 5 அடியில் முழுதாகத் திறந்து வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. கண் சரியாக இருந்தால் காது போய்விடும். அதே அளவு முகத்தை 200இல் எஃப் 2.8 வைத்து எடுக்க சுமார் 12 அடி தள்ளிப் போகணும், ஆழம் 2 அங்குலம். ஆனால் தூரத்துப் பின்னணி மங்குவது லென்ஸ் வாயின் விட்டத்தைப் பொறுத்தது. 85க்கு அது 47 மி.மீ., 200க்கு 71 மி.மீ. பின்னால் இருக்கும் தென்னந்தோப்பை அதிகம் கரைப்பது ஜூம்தான். விலையும் ஒன்றரைக் கிலோ கனமும் வேறு சமாசாரம்.

கொங்குக் கல்யாண வீட்டில் ஜூமுக்கு மாற்றே இல்லை. அருமைக்காரர் ஒரு பக்கம், இணைச்சீருக்கு உட்கார்ந்த நாத்தனார் ஒரு பக்கம், சுற்றிலும் பங்காளிகள், குறுக்கே வீடியோக்காரர். போட்டோகிராபர் நிற்கும் இடத்தை அவரா முடிவு பண்றார்? தாலி ஏறும் நேரத்தில் லென்ஸ் மாற்றுவேன் என்று நிற்பவருக்கு அடுத்த முகூர்த்தத்தில் வேலை கிடைக்காது.

ஆனால் ஜூம் கையில் இருந்தால் கால் நகராது. 24-70 வைத்திருப்பவர் நின்ற இடத்திலிருந்தே வளையத்தைத் திருப்புவார். 3 அடியில் நின்று முகம் மட்டும் எடுத்தால் மூக்கு நீண்டுதான் இருக்கும், லென்ஸ் லட்ச ரூபாய் என்றாலும். 85 பிரைமோ தலையும் தோளும் வேண்டுமா, 5 அடி. இடுப்பு வரைக்குமா, 7 அடி. முழு ஆளா, 16½ அடி என்று நம்மைத் தள்ளி நிறுத்தும். பழைய ஸ்டுடியோ அறை செய்த வேலையை அது செய்கிறது. இது ஃபுல் ஃபிரேம் கணக்கு. ஏபிஎஸ்-சி பாடியில் முழு ஆளுக்கு அதே 85 கேட்பது 25 அடி. 10க்கு 20 அறையில் ஸ்டுடியோ போட்டுவிட்டு 85 வாங்கினவர்கள் கதவைத் திறந்து ரோட்டில் நின்று எடுக்க வேண்டியதுதான். அந்த அறைக்கு 50 மி.மீ. போதும், 15 அடியில் முழு ஆள் வந்துவிடும், விலையும் குறைவு.

கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து அறையை அளங்க என்பதுதான் என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது. வீட்டில் தனிப்படம் இல்லாத பெரியவங்க இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருக்கிற லென்ஸே போதும். காலை 8 மணிக்குத் திண்ணையில் உட்கார வச்சு, 6 அடி தள்ளி நின்று, எஃப் 4இல் ஒன்று எடுத்து, ஃபைலோடு நிறுத்தாமல் பிரிண்டும் போட்டுடுங்க.