ஒட்டுநாடாவும் அட்டைப்பெட்டியும்: சேகரிப்புப் பொதிகளில் பசைக்கறை நீக்கத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பழைய அட்டைப்பெட்டிகள் தொழில் வரலாறு, அச்சு வரலாறு, நுகர்வுப் பண்பாட்டு வரலாறு ஆகியவற்றிற்குரிய முதன்மைச் சான்றுகளாக இன்று கொள்ளப்படுகின்றன. இச்சான்றுகளுக்குப் பெருங்கேடு விளைவிப்பவற்றுள் ஒன்று, அவற்றைக் காக்கும் நோக்கில் ஒட்டப்பட்ட ஒட்டுநாடாவே ஆகும். ஒட்டுநாடா தோன்றிய சூழல், அதன் பசை முதுமையடையும் முறை, அதனை நீக்குவதற்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உருவான வழிமுறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் தொகுத்துரைக்கிறது. ஒட்டுநாடா கறை மட்டுமன்று, காலத்தைக் காட்டும் சான்றும் ஆகும் என்பதும், ஆகவே பதிவு செய்த பின்னரே அது நீக்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஒட்டுநாடா, அட்டைப்பெட்டி, பசைக்கறை, கரைப்பான், ஆவணப் பாதுகாப்பு, குறுங்கால அச்சுப்பொருள்கள்

முன்னுரை

பொருளை எடுத்துக்கொண்டு பெட்டியை எறிந்துவிடுவது உலக வழக்கு. அவ்வாறு எறியப்படுவதனாலேயே எஞ்சிய பெட்டிகள் அரியனவாகின்றன. பொம்மைக் கார், பிஸ்கட், சோப்பு, தீக்குச்சி என எதனை எடுத்துக்கொண்டாலும், அதன் பெட்டியில் உற்பத்தியாளர் பெயர், வணிகக் குறி, விலை, மொழிநடை, ஓவியப் பாணி, அச்சுத் தொழில்நுட்பம் ஆகியன ஒருங்கே பதிவாகியுள்ளன. நிறுவனத்தின் கணக்கேடுகள் அழிந்த நிலையில், அந்நிறுவனம் பற்றி எஞ்சும் ஒரே சான்றாகப் பெட்டி அமைவதும் உண்டு.

இத்தகைய பெட்டிகளைக் கையாளும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது கிழிந்த மடிப்புகளையும் அவற்றின்மேல் பழுப்பேறிக் கிடக்கும் ஒட்டுநாடாவையுமே ஆகும். யாரோ ஒருவர் அக்கறையுடன் ஒட்டிய நாடாவே பின்னாளில் அச்செழுத்தை மறைக்கும் கறையாக மாறிவிடுகிறது. இம்முரண் தோன்றிய வரலாற்றை அறிவது, அதனைக் களையும் முறையைத் தெரிவு செய்வதற்கும் இன்றியமையாததாகும்.

மடிப்பு அட்டைப்பெட்டியின் தோற்றமும் சேகரிப்பும்

அட்டைத்தாளை ஒரே இயக்கத்தில் வெட்டவும் மடிப்புக்கோடு இடவும் இயலும் என்பதை, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அச்சுத்தொழில் நடத்திய ராபர்ட் கெய்ர் 1879இல் கண்டறிந்தார். தாள்பைகளில் மடிப்புக்கோடு பதிப்பதற்கான உலோகப் பட்டை ஒன்று இடம் பிசகித் தாளை வெட்டிவிட்டமையே இதற்குத் தூண்டுகோலாயிற்று என்பர். இதன்வழித் தட்டையாக அனுப்பி, வேண்டியபொழுது மடித்துப் பெட்டியாக்கும் முறை பரவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க பிஸ்கட் நிறுவனங்கள் இம்முறையைப் பேரளவில் கைக்கொண்டன. கடைக்காரர் அளந்து கொடுத்த பொருள், பெயரும் முத்திரையும் தாங்கிய பெட்டிப் பொருளாக மாறியது இக்காலத்திலேயே ஆகும்.

சேகரிப்பு இதன்பின் வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சாளராகப் பணியாற்றிய ஜான் ஜான்சன் திரட்டிய குறுங்கால அச்சுப்பொருள்கள் இன்று போட்லியன் நூலகத்தில் உள்ளன. ராபர்ட் ஓப்பி 1963இல் தம் 16ஆம் வயதில் ஓர் இனிப்புப் பொதியின் உறையை எறியாமல் வைத்துக்கொண்டதில் தொடங்கிய சேகரிப்பு, இலண்டனில் தனி அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1953இல் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் தீப்பெட்டி வடிவிலான சிறு அட்டைப்பெட்டிகளில் விற்கத் தொடங்கிய ‘மேட்ச்பாக்ஸ்’ பொம்மை வண்டிகளுக்கு, இன்று பெட்டி உள்ள வண்டிக்கும் அஃது இல்லாத வண்டிக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. பெட்டிக்கு மதிப்பு ஏற ஏற, அதன் கிழிசலை ஒட்டவேண்டும் என்ற ஆர்வமும் ஏறியது.

ஒட்டுநாடாவின் வரலாறு

அழுத்தினாலே ஒட்டும் பசை, முதலில் மருத்துவப் பட்டையாகவே 19ஆம் நூற்றாண்டில் பயன்பட்டது. தொழில்துறைக்குரிய நாடாவை உருவாக்கியவர் மினசோட்டா மாநிலத்தின் 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ ஆவார். இருநிற வண்ணம் பூசும் கார்ப் பட்டறைகளின் தேவைக்காக அவர் 1925இல் மறைப்புநாடாவையும், 1930இல் ஒளிபுகும் செல்லோஃபேன் நாடாவையும் வெளிக்கொணர்ந்தார்.

செல்லோஃபேன் நாடா கிழிந்த தாளை ஒட்டுவதற்காக உருவாக்கப்பட்டதன்று என்பது இங்குக் கருதத்தக்கது. சுவிட்சர்லாந்து வேதியியலார் ஜாக் பிராண்டன்பெர்கர் கண்ட செல்லோஃபேன் தாளை அமெரிக்காவில் தூபோன் நிறுவனம் 1924 முதல் உற்பத்தி செய்தது. அத்தாளால் சுற்றப்பட்ட உணவுப் பொதிகளை மூடி முத்திரையிடுவதற்கே ட்ரூவின் நாடா உருவாயிற்று. ஆனால் அது சந்தைக்கு வந்தது பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஆகும். புதியன வாங்க இயலாத மக்கள் புத்தகம், தாள், பொம்மை, சன்னல் திரை எனக் கிடைத்தவற்றையெல்லாம் அதனால் ஒட்டிப் பயன்படுத்தினர். சில நாள் வாழும் உணவுப் பொதிக்கென அமைந்த பசை, பல தலைமுறை வாழவேண்டிய தாள்மீது இவ்வாறு குடியேறியது. 1937இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘செல்லோடேப்’ எனும் வணிகப்பெயர், தமிழ் வழக்கிலும் ஒட்டுநாடாவின் பொதுப்பெயராகவே வழங்கிவருகிறது.

அறியாத பொதுமக்கள் மட்டுமே இப்பிழையைச் செய்தனர் எனல் பொருந்தாது. சாக்கடல் சுருள்களின் ஆயிரக்கணக்கான துண்டுகளை 1950களில் எருசலேமின் ராக்ஃபெல்லர் அருங்காட்சியகத்தில் பொருத்திப் பார்த்த அறிஞர்கள், அவற்றை ஒட்டுநாடாவாலேயே இணைத்தனர். பசை தோலுக்குள் ஊடுருவி, எழுத்து படிக்க இயலாதவாறு பகுதிகளைக் கருமையாக்கியது. 1991இல் இசுரேல் தொல்பொருள் ஆணையம் இதற்கெனத் தனிப் பாதுகாப்புக்கூடம் அமைத்தது. ஓரிரு நொடியில் ஒட்டப்பட்ட நாடாவை நீக்கும் பணி பல்லாண்டுப் பணியாக அங்குத் தொடர்ந்தது.

பசை முதுமையடையும் முறை

1982இல் ராபர்ட் ஃபெல்லரும் டேவிட் என்கேயும் இரப்பர்ப் பசையும் ஒட்டுநாடாவும் சிதைவுறும் படிநிலைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். 1984இல் மெரிலி ஸ்மித் முதலிய நால்வர் எழுதிய கட்டுரை, நாடா நீக்கும் நுட்பங்களைத் தொகுத்துரைத்தது. இவ்வாய்வுகளின் வழி அறியப்படும் படிநிலைகளைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

முதல் நிலையில் பசை வெண்மையாகவும் நெகிழ்வாகவும் அட்டையின் மேற்பரப்பிலேயே நிற்கும். இரண்டாம் நிலையில், இயற்கை இரப்பரும் பிசினும் ஆக்சிசனேற்றம் அடைந்து, பசை மஞ்சளாகி எண்ணெய்போல் இளகி, இழைகளுக்குள் இறங்கும். தாள் எண்ணெய் பட்டாற்போல் ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதும், சில அச்சு மைகள் கசிவதும் இந்நிலையிலேயே ஆகும். மூன்றாம் நிலையில் மூலக்கூறுகளிடையே குறுக்குப்பிணைப்பு ஏற்பட்டுப் பசை இறுகிப் பழுப்பாகும். ஒட்டும் ஆற்றலை இழந்தமையால் மேற்படலம் தானே உதிர்ந்துவிடும். ஆனால் கறை அட்டைக்குள் நிலைத்துவிடும்.

இம்மாற்றத்தை வெப்பமும் ஒளியும் விரைவுபடுத்துகின்றன. 1961இல் அறிமுகமான, அசிட்டேட் படலமும் அக்ரிலிக் பசையும் கொண்ட மங்கிய நாடா எளிதில் மஞ்சளாவதில்லை. எனினும் அதுவும் நாளடைவில் இழைகளுக்குள் பரவக்கூடியதே ஆகையால், அதனையும் தீங்கற்றது எனக் கொள்ளல் இயலாது.

நீக்கும் முறைகள்

நீக்கத்தில் இரு பணிகள் உள்ளன. ஒன்று, மேற்படலத்தை எடுத்தல். மற்றொன்று, எஞ்சும் பசையை எடுத்தல். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய முயல்வதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணமாகிறது.

பசை முதலிரு நிலைகளில் இருப்பின், மிதமான வெப்பக்காற்றால் அதனை இளக்கி, மெல்லிய தட்டைக் கரண்டியைப் படலத்தின் அடியில் செலுத்தி, நாடாவை அதன்மீதே மடித்தாற்போல் அட்டையை ஒட்டித் தாழ்வாக, மிக மெதுவாக இழுத்தல் வேண்டும். செங்குத்தாக இழுப்பின் அச்சிட்ட மேற்பரப்பு நாடாவுடன் உரிந்து வரும். பொதியட்டை பல அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு வெண்மையானதும் மெல்லியதும் ஆகும். அதன்கீழ் இருப்பது பெரும்பாலும் மறுசுழற்சி இழைகளால் ஆன சாம்பல்நிற அடுக்காகும். மேலடுக்கு உரிந்தால் அச்சோவியம் மீளாது. எஞ்சும் பசை மென்மையாக இருப்பின், பசை நீக்கும் இரப்பர்த் துண்டால் உருட்டி எடுத்தல் இயலும். உலர்ந்து இறுகிய மூன்றாம் நிலைப் பசைக்கு இம்முறை பயனளிக்காது.

கரைப்பான்களைப் பொறுத்தவரை, புதிய இரப்பர்ப் பசை ஹெப்டேன் போன்ற முனைவற்ற கரைப்பானில் கரையும். ஆக்சிசனேற்றம் மிகுந்த பசைக்கு அசிட்டோன் போன்ற முனைவுத்தன்மை மிக்க கரைப்பான் தேவைப்படும். இடர் இங்கேதான் தொடங்குகிறது. பழைய கறையைக் கரைக்கும் அதே அசிட்டோன், பெட்டியின் மெருகுப்பூச்சையும், கடைக்காரர் பந்துமுனைப் பேனாவால் எழுதிய விலைக்குறிப்பையும், அசிட்டேட் சன்னலையும் கரைக்கும். மேலும், கரைந்த பசை ஈரத்தின் விளிம்புவரை நகர்ந்து அங்கே வளையமாகப் படியும். ஆகவே மறைவான மடிப்பொன்றில் ஒரு துளியிட்டுச் சோதித்தலும், கரைந்ததை உடனுக்குடன் உறிஞ்சுதாளால் எடுத்தலும் கட்டாயமாகும். இக்கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுவன ஆதலின், காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பிற்கு அப்பால் மட்டுமே இவற்றைக் கையாளல் தகும்.

பாத்திரத்தில் ஒட்டிய விலைச்சீட்டைத் தேங்காய் எண்ணெய் அல்லது மண்ணெண்ணெய் தேய்த்து எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். உலோகமும் கண்ணாடியும் எண்ணெயை உறிஞ்சா. அட்டையோ உறிஞ்சும். ஆதலால் அம்முறையை அட்டைக்குப் பயன்படுத்தின், பசைக்கறை போய் எண்ணெய்க்கறை நிலைபெறும்.

அண்மைக்கால வளர்ச்சியுள் குறிப்பிடத்தக்கது, இத்தாலியின் ஃபிளாரன்சு நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முறையாகும். கரைப்பானை நுண்பால்மமாக்கி நீர்க்கூழினுள் அடக்கி, நாடாவின்மேல் வைக்கும்பொழுது, அது படலத்தின் வழியே மெல்ல ஊடுருவிப் பசையை நெகிழச் செய்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் இம்முறையால் நாடா நீக்கப்பட்டபொழுது, மைக்கேலேஞ்சலோவின் கையால் வரையப்பட்டது எனும் பொருள்படும் குறிப்பு அதனடியில் வெளிப்பட்டது. அக்குறிப்பு மெய்யா என்பது தனி வினா. நாடா எவ்வளவு பெரிய செய்தியையும் மறைக்கவல்லது என்பதற்கு அது சான்றாகிறது.

நீக்குதலா, விடுதலா?

ஒட்டுநாடா எப்பொழுதும் நீக்கத்தக்கதா என்னும் வினா இங்கு எழுகிறது. சேகரிப்புச் சந்தை பழுதற்ற பெட்டியை விரும்புகிறது. வரலாற்றாய்வோ பெட்டியின் வாழ்க்கையை அறிய விரும்புகிறது. செல்லோஃபேன் நாடா ஒட்டப்பட்ட பழுது 1930க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. மங்கிய அசிட்டேட் நாடா கொண்ட பழுது 1961க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. ஒன்றன்மேல் ஒன்றாக இருவகை நாடாக்கள் காணப்படின், அப்பெட்டி இருமுறை பழுதுபார்க்கப்பட்டு, நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்தது என அறியலாம். தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்ட முத்திரை நாடாவாயின், அது பழுதன்று. பெட்டியின் உறுப்பே ஆகும். அதனை நீக்குதல் சான்றழிப்பாகும்.

அதேவேளை, சான்று என்னும் காரணத்தால் இரண்டாம் நிலைப் பசையை அப்படியே விட்டுவிடின், அது சில ஆண்டுகளில் மூன்றாம் நிலையை எட்டி, அச்செழுத்தையே சான்றில்லாமல் செய்துவிடும். ஆகவே ஒளிப்படம் எடுத்தல், நாடாவின் அகலம், வகை, இடம் ஆகியவற்றைக் குறித்தல், நீக்கிய படலத்தின் சிறுதுண்டை உறையிலிட்டுப் பெட்டியுடன் வைத்தல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னர் நீக்குதலே இருதிறத்தாருக்கும் பொருந்தும் வழியாகும்.

தமிழ்ச் சூழலுக்கும் இது பொருந்துவதாகும். 1920களில் தொடங்கிய சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் முத்திரைத்தாள்கள் சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன. அவற்றை ஏட்டில் ஒட்டிவைக்க நாடாவே பெரிதும் எளிதாகக் கிடைக்கும் கருவியாகும். வெப்பம் மிகுந்த நம் மண்ணில் பசையின் படிநிலைகள் விரைந்து கடக்கப்படும் என்பதால், காத்திருப்பதற்கான கால அளவும் குறைவே ஆகும்.

முடிவுரை

உணவுப் பொதியை மூடுவதற்கென உருவான ஒட்டுநாடா, பெருமந்தக் காலச் சிக்கனத்தால் பழுதுபார்க்கும் கருவியாயிற்று. அதன் பசை மூன்று நிலைகளில் முதுமையடைகிறது. நீக்கும் முறை அந்நிலையைப் பொறுத்தே அமைதல் வேண்டும். படலத்தையும் பசையையும் தனித்தனியே நீக்குதல், வெப்பத்திற்குப் பின்னரே கரைப்பானை நாடுதல், சோதித்த பின்னரே பயன்படுத்துதல் ஆகியன இவ்வரலாறு கற்பிக்கும் நெறிகளாகும். ஒட்டுநாடா காலத்தைக் காட்டும் சான்றும் ஆதலின், பதிவில்லாத நீக்கம் பழுதைவிடப் பெரிய இழப்பாகலாம். கிழிந்த பெட்டி கைக்கு வரும்பொழுது நாடாவைத் தேடாமல், அமிலமற்ற தாளுறையில் அதனைத் தளர்வாக வைத்தலே ஆய்வாளர் செய்யக்கூடிய முதல் பாதுகாப்பாகும்.