சொன்னவர் சொன்னபடி: படைவீரர் நினைவுப் பதிவின் ஒரு நூற்றாண்டு

போர் வரலாற்றை நெடுங்காலம் எழுதிவந்தவர்கள் தளபதிகளும் அமைச்சர்களும், அவர்களுடைய கோப்புகளைப் படித்த அறிஞர்களும்தான். பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய் அந்த வரலாற்றில் எண்ணிக்கையாக வருவான். இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என்ற பட்டியல்களில் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடுவான். அவனையே பேசவிட்டு, அந்தப் பேச்சைப் பாதுகாக்க நிறுவனங்கள் முன்வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். இதை ஒலிப்பதிவுக் கருவியால் விளைந்த மாற்றம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் கருவி 1915இலேயே போர்க்கைதி முகாம் வரை போய்விட்டது. சிப்பாய் சொன்னதை அவன் சொன்னபடியே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வருவதற்குத்தான் மேலும் அரைநூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த எண்ணம் எப்படி உருவானது என்பதையும், முழுமையாகக் காக்கப்பட்ட சொந்தப் பேச்சுக்கே சான்று என்ற தகுதி உண்டு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முனைகிறது.

முதல் உலகப்போரில் ஜெர்மனியிடம் சிறைப்பட்டவர்களின் குரல்களைப் பதிவுசெய்ய 1915இல் பிரஷ்ய அரசு ஓர் ஒலிப்பதிவு ஆணைக்குழுவை அமைத்தது. கார்ல் ஸ்டும்ப் தலைமை தாங்கினார். பதிவுப் பணியை முன்னின்று நடத்தியவர் வில்ஹெல்ம் டோகன். 1918 வரை முகாம் முகாமாகச் சென்று ஏறத்தாழ 250 மொழிகளையும் வட்டார வழக்குகளையும் இசைத்தட்டுகளிலும் மெழுகு உருளைகளிலும் பதித்தார்கள். பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில் இருந்த 'பிறைநிலா முகாம்' என்னும் இடத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்களும் இருந்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று அங்கே மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பதிவுக் கருவியின் குழாய் முன் நின்று சற்று நேரம் பேசினார். பேச்சில் எங்குமே அவர் 'நான்' என்று சொல்லவில்லை. இந்தியாவில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவன் ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மானியரிடம் பிடிபட்டான், ஊர் திரும்ப ஏங்குகிறான், இன்னும் இரண்டு ஆண்டு இங்கேயே இருந்தால் செத்துப்போவான், கடவுள் இரங்கிச் சமாதானம் வந்தால் போய்ச்சேருவான் என்று யாரோ ஒருவனின் கதையைப் போலச் சொன்னார். பதிவாளர்களுக்கு வேண்டியிருந்தது பஞ்சாபி மொழியின் ஒலி. பேசுபவரின் ஊர், தாய் தந்தையரின் பூர்வீகம், தொழில், குரலின் தன்மை எல்லாம் படிவத்தில் குறிக்கப்பட்டன. போரில் அவர் என்ன கண்டார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. மொழியியலுக்கென்று வைத்த குழாயில் ஒரு கைதி தன் துயரத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார் என்பதே உண்மை. அவருடைய பேச்சு நமக்குக் கிடைத்தது தற்செயலால்.

அதே காலத்தில் பிரான்ஸில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களும் தற்செயலாகவே தப்பின. எழுதப்படிக்கத் தெரியாத பலர் பிறரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அந்தக் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, தங்களுக்கு முக்கியமாகப் பட்ட வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்தார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன; மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை இல்லை. டேவிட் ஒமிசி 1999இல் அவற்றிலிருந்து தொகுத்த நூல் வந்தபிறகே இந்தியச் சிப்பாயின் மனநிலை குறித்த ஆய்வு வலுப்பெற்றது. அந்தத் தொகுப்பின் மதிப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் எழுதியவர், தணிக்கையாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய மூன்று கைகளைக் கடந்து வந்த வரிகளை வைத்துக்கொண்டுதான் நாம் பேசுகிறோம். படைமுகாமின் மனநிலையை வேவுபார்க்கத் திரட்டியது, வேறொன்றும் இல்லாததால் வரலாற்று மூலமாகிவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை வரலாற்றாசிரியர்களைப் போர்முனைக்கே அனுப்பியது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையோரம் நின்ற கப்பலில், தரையிறங்கிக் காயம்பட்டு வந்தவர்களிடம் ஃபாரஸ்ட் போக் நேரில் கேட்டு எழுதினார். எஸ்.எல்.ஏ. மார்ஷல் சண்டை முடிந்த படைப்பிரிவுகளைக் கூட்டமாக உட்காரவைத்து விசாரித்தார். கேட்கும் முறையில் இது பெரிய முன்னேற்றம். கேட்டதை வைத்திருப்பதில் அது பழைய இடத்திலேயே நின்றது என்பதற்கு மார்ஷலே சாட்சி. போர்முனையில் இருந்தவர்களில் துப்பாக்கியைச் சுட்டவர்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று 1947இல் வெளியான 'மென் அகெயின்ஸ்ட் ஃபயர்' நூலில் அவர் எழுதினார். அந்தக் கணக்கு அமெரிக்கப் படைப்பயிற்சியையே பாதித்தது. உளவியல் நூல்கள் அதை மேற்கோளாக எடுத்தாண்டன. 1988இல் வரலாற்றாசிரியர் ரோஜர் ஸ்பில்லர் தேடிப்பார்த்தபோது, அந்த விகிதத்துக்கு ஆதாரமான கணக்கெடுப்பு எதுவும் கிடைக்கவில்லை. "நீ சுட்டாயா?" என்று மார்ஷல் வீரர்களிடம் கேட்டதற்கான குறிப்பே காணோம். நூற்றுக்கணக்கானோர் பேசினார்கள், நிலைத்தது ஒருவரின் முடிவு. அவர்கள் சொன்னது சொன்னபடி இருந்திருந்தால், மார்ஷல் சொன்னது சரியா தவறா என்று நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்காது.

போருக்குப் பின் 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றை ஒரு துறையாக நிறுவினார். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அங்கே எழுத்துப்படியைத் தட்டச்சு செய்து, பேசியவரிடமே காட்டித் திருத்தி வாங்கிய பின், நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். நாடா விலை அதிகம் என்ற காரணம் ஒன்று. திருத்திய எழுத்தே ஆவணம் என்ற நம்பிக்கை மற்றொன்று. இந்த நம்பிக்கையை மாற்றியதில் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. முதல் உலகப்போரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1964இல் பிபிசி 26 பகுதிகளாக ஒளிபரப்பிய 'தி கிரேட் வார்' தொடருக்காக முதிய வீரர்கள் பலர் பேசினார்கள். ஒளிபரப்பில் இடம்பெற்றது அதில் சிறு துண்டு. மார்ட்டின் மிடில்புரூக் என்ற லிங்கன்ஷயர் கோழிப்பண்ணைக்காரர் சொம் போரில் தப்பியவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு 1971இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டே, 1972இல், அருங்காட்சியகம் ஒலிப்பதிவுக்கென்று தனித்துறை தொடங்கியது. அத்துறையின் டேவிட் லான்ஸ் வகுத்த நடைமுறையில் ஒலிநாடாதான் மூல ஆவணம். எழுத்துப்படி அதைத் தேடுவதற்கு உதவும் துணை மட்டும். நேர்காண்பவரின் கேள்விகள், வீரரின் தயக்கம், இருமல், பேச்சு நின்றுபோகும் இடம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். 1915இல் தொடங்கியது இங்கேதான் முறையாகிறது என்பது என் கணிப்பு.

காலம் நெருக்கியதும் அரசுகளும் விழித்துக்கொண்டன. அமெரிக்க நாடாளுமன்றம் 2000இல் படைவீரர் வாய்மொழி வரலாற்றுத் திட்டச் சட்டத்தை இயற்றியபோது, நாட்டில் 1 கோடியே 90 லட்சம் முன்னாள் போர்வீரர்கள் இருப்பதாகவும் நாள்தோறும் ஏறத்தாழ 1,500 பேர் இறப்பதாகவும் சட்டத்தின் முகப்பிலேயே குறித்தது. காங்கிரஸ் நூலகம் நடத்தும் அத்திட்டத்தில் மாணவர், பேரப்பிள்ளைகள் என யாரும் பதிவுசெய்து அனுப்பலாம். பேட்டி அரைமணி நேரத்துக்குக் குறையக் கூடாது, வெட்டி ஒட்டியதாக இருக்கக் கூடாது. பிரிட்டனில் ஹாரி பேட்ச் பாஸ்செண்டேல் போரில் 1917இல் காயமடைந்தவர். 1998இல் நூறு வயதை எட்டும் வரை அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதன்பின் பேசினார், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார், 2009இல் 111ஆம் வயதில் இறந்தார். எண்பதாண்டு மௌனத்துக்குப் பின் வந்த சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வி இங்கே எழுவது நியாயம்தான்.

அந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் வரலாற்றாசிரியர் அலிஸ்டர் தாம்சன். 1980களில் மெல்போர்னில் முதல் உலகப்போரின் உழைக்கும் வர்க்க வீரர்களைப் பேட்டி கண்டபோது, சிலர் சொன்ன காட்சிகள் 1981இல் வந்த 'கல்லிப்போலி' திரைப்படத்தில் உள்ளவை போலவே இருந்ததைக் கவனித்தார். நினைவு நிகழ்காலத்தோடு ஒத்துப்போகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று 1994இல் எழுதினார். இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதை அவர் கண்டுபிடித்தது எப்படி? பேச்சு முழுதாக அவரிடம் இருந்தது. அதைப் படத்தோடும் ஆவணங்களோடும் ஒப்பிட முடிந்தது. இத்தாலியில் அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லியும் அதையே காட்டினார். டெர்னி நகரத் தொழிலாளர்கள் 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்த ஒரு சாவை 1953 வேலைநிறுத்தத்துக்கு நகர்த்திச் சொன்னார்கள். தேதி பிழை; அந்தச் சாவை அவர்கள் எதனோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள் என்பது அந்தப் பிழையில்தான் தெரிகிறது. படைநாட்குறிப்பிலும் பிழை உண்டு. தோல்வியை மறைக்க எழுதிய நாட்குறிப்பு தன் பிழையைக் காட்டிக்கொடுப்பதில்லை. கிழவரின் நீண்ட பேச்சு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நினைவு பிழைபடும் என்ற வாதம் பதிவை முழுமையாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கே வலுச் சேர்க்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது: திருத்தாத பேச்சை யார் படிப்பார்கள், கலைநயத்தோடு தொகுத்தால்தானே மக்களைச் சென்றடையும்? சோவியத் படையில் போரிட்ட பெண்களின் குரல்களை ஸ்வெத்லானா அலெக்சியேவிச் தொகுத்த நூல் 1985இல் வெளிவந்தது. பல லட்சம் பேர் படித்தார்கள். அது மகத்தான படைப்பு. 2015இல் அவருக்கு நோபெல் பரிசும் வந்தது. ஆனால் பதிப்புக்குப் பதிப்பு சாட்சியங்களின் வாசகம் மாறியிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இலக்கியம் என்ற வகையில் அது அவருடைய உரிமை. அதை மூல ஆவணத்தின் இடத்தில் வைத்தால் மார்ஷலிடம் கண்ட அதே சிக்கல் திரும்ப வரும். தொகுப்பு நூலும் வேண்டும், அதன் அடியில் கைபடாத பதிவும் வேண்டும். பழைய ரணத்தைக் கிளறுவதா என்ற மனிதநேயக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பேச மறுக்கும் உரிமை, சில பகுதிகளைத் தன் இறப்புக்குப் பின்னரே திறக்கச் சொல்லும் உரிமை, இரண்டையும் எழுத்தில் தராத எந்தத் திட்டமும் தொடங்கப்படக் கூடாது.

இந்தியாவின் நிலைக்கு வருவோம். லண்டனில் ஒலிப்பதிவுத் துறை தொடங்கிய அதே 1972இல்தான் விடுதலை வெள்ளிவிழாவையொட்டி மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. இந்திய தேசிய ராணுவத்தவரும் அதன்கீழ் விண்ணப்பித்தார்கள். ஆறு மாதச் சிறைவாசம், அதற்கான சான்று, சான்று இல்லையேல் உடனிருந்த கைதியின் சான்றிதழ் ஆகியவற்றையே விண்ணப்பம் கேட்டது. உதவித்தொகைக்கு அந்தக் கேள்விகள் அவசியம்தான். ஆனால் மலேயாவின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து அந்த ராணுவத்துக்குப் போன தமிழர் ஒருவரிடம் அரசு கேட்டது அவ்வளவே. ஏன் போனார், என்ன கண்டார் என்று கேட்கவில்லை. 1943இல் சிங்கப்பூரில் உருவான அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பெருந்தொகையாகச் சேர்ந்தவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். நமக்குக் கிடைக்கும் நினைவுகளில் மிகுதியும் படித்த, அதிகாரிகளாயிருந்த பெண்கள் ஆங்கிலத்தில் தந்தவை. அவை அரியவை. பால்வெட்டிய கை துப்பாக்கி பிடித்த கதையை அவற்றால் ஈடுசெய்ய முடியாது. 1979இல் வாய்மொழி வரலாற்று மையத்தைத் தொடங்கிய சிங்கப்பூர், ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால நினைவுகளைச் சீன வட்டார மொழிகள், மலாய், தமிழ் ஆகியவற்றிலும் பதிவுசெய்தது. எந்த மொழியில் கேள்வி கேட்கிறோமோ அந்த மொழிக்காரர்தான் வரலாற்றில் இடம்பெறுவார் என்பதை அந்தச் சிறு தீவு உணர்ந்திருந்தது.

தமிழ்நாட்டில் இன்னும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். வெலிங்டனில் பயிற்சி பெற்று மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவர்கள், வீட்டுக்கு வீடு படைக்கு ஆளனுப்பியதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர்பெற்ற வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைச் சேர்ந்தவர்கள் என்று பட்டியல் நீளும். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; பல்கலைக்கழகங்களில் வரலாற்றுத் துறை இருக்கிறது; நல்ல ஒலிப்பதிவுக் கருவி மாணவர்களின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தமிழில் கேட்டு, கேள்வியோடு சேர்த்து, வெட்டாமல், பேசியவரின் ஒப்புதலுடன் காப்பகத்தில் வைக்க வேண்டியதுதான் மிச்சம். 1971 போரில் இருபது வயதிலிருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தை ஒட்டியவர்கள். 1962இல் எல்லைக்குப் போனவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். முதலில் அவர்களிடம் போக வேண்டும்.