விடுதியின் மதுப்பட்டியலும் நாடுகளின் வரலாறும்

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் எனக் கருதுவோர் பலர். உணவுச்சாலையில் விருந்தினர் கையிற் கொடுக்கப்படும் ஒரு தாளும் நூற்றாண்டுகளின் கதையைக் கூறவல்லது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலே, பழைய குதிரைவண்டிப் பாதைகளின் ஓரமாக, கொடி படர்ந்த சுவர்களையுடைய விடுதிகள் பல உள. நகரத்தின் இரைச்சலை விடுத்துத் தனிமையை நாடும் தம்பதியர் அங்கே சென்று தங்குவர். இராப்போசன வேளையில், கணப்படுப்பின் அருகே அமர்ந்திருக்கும் அவர்களிடம் மதுப்பட்டியல் கொடுக்கப்படும். அதில் பிரான்சின் போர்தோ நகரத்துச் சிவப்பு மதுவாகிய 'கிளாரெட்' இருக்கும். போர்த்துக்கல்லின் 'போர்ட்' மதுவும் இருக்கும். பிறநாட்டுத் தோட்டங்களில் விளைந்த இவை ஆங்கில விடுதியில் இடம்பெற்றது எங்ஙனம்? நாவின் சுவையே காரணம் என்பது எளிய விடை. ஆயினும், சுவைக்கு முன்னரே திருமணமும் போரும் தீர்வையும் அப்பட்டியலை எழுதிவிட்டன என்பதே வரலாறு காட்டும் உண்மை.

1152ஆம் ஆண்டிலே அக்குவித்தேன் நாட்டுக்கு உரியவளான எலினோர், என்றி என்பானை மணந்தாள். ஈராண்டுகளில் அவன் இங்கிலாந்தின் அரசனானான். அதனால் போர்தோ நகரும் அதனைச் சூழ்ந்த கொடித்தோட்டங்களும் ஆங்கில முடியுடன் இணைந்தன. அத்தொடர்பு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. இலையுதிர்காலத்திலும் வசந்தகாலத்திலும் கப்பற்கூட்டங்கள் மதுப்பீப்பாய்களை ஏற்றி வந்தன. கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் 'தொன்' என்னும் அளவையும் அப்பெரும் பீப்பாயின் பெயரிலிருந்து பிறந்ததே. பீப்பாயிலிருந்த மது ஓராண்டுக்குள் கெட்டுவிடுமாதலின், அக்காலத்தில் பழையதிலும் புதியதே விலைமிக்கதாயிருந்தது.

1453ஆம் ஆண்டிலே காஸ்தியோன் போரில் ஆங்கிலேயர் தோற்றனர். நாடு கைவிட்டுப் போயிற்று, பழக்கமோ போகவில்லை. கிளாரெட் தொடர்ந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அதற்குப் பேரிடர் நேர்ந்தது. பிரான்சின் மீது கொண்ட பகையினால், 1678ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் பிரெஞ்சுப் பொருள்களைத் தடைசெய்தது. அத்தடை 1685இல் நீங்கியபோதிலும், பின்னர் மூண்ட போர்களால் பிரெஞ்சு மதுவின் மீது கடுந்தீர்வை விழுந்தது.

அதனையடுத்து 1703ஆம் ஆண்டில் மெதுவன் உடன்படிக்கை எழுந்தது. ஆங்கிலக் கம்பளித்துணிக்குப் போர்த்துக்கல் தன் சந்தையைத் திறந்துவிட்டது. கைம்மாறாக, போர்த்துக்கேய மதுவின் தீர்வை பிரெஞ்சு மதுவின் தீர்வையிலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாயிருக்கும் என இங்கிலாந்து வாக்களித்தது. ஆகவே நாட்டுப்புற விடுதிக்காரன் தன் நிலவறையைப் போர்ட் மதுவால் நிரப்பினான். கடற்பயணத்தைத் தாங்குதற்பொருட்டு அதனுடன் பிராந்தி சேர்க்கப்பட்டது. அந்தக் கடுமையே நாளடைவில் ஆங்கிலேயரின் விருப்பமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நீண்ட போத்தல்களும் தக்கையும் பெருகவே, போத்தலைக் கிடையாக வைத்து மதுவை முதிரச்செய்யும் வழக்கமும் தோன்றியது. பழைமை குறையாயிருந்த நிலை மாறிப் பெருமையாயிற்று.

இவ்வணிகத்தின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மதுவிற் கலப்படம் மிகுந்து விலை வீழ்ந்தமையால், போர்த்துக்கல்லின் அமைச்சர் பொம்பால் 1756ஆம் ஆண்டிலே அரச கம்பெனி ஒன்றை நிறுவி, விளைநிலத்தின் எல்லையையும் வரையறுப்பித்தார். ஒப்போர்ட்டோ நகரத் தவறணைகளுக்கு மது விற்கும் தனியுரிமையும் கம்பெனிக்கே கிடைத்தது. பிழைப்பு இழந்த தவறணைக்காரரும் எளிய மக்களும் 1757இல் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். ஆங்கில விடுதியின் அமைதியான மேசைக்கு வந்த மதுவின் பின்னே இத்துயரமும் நின்றது.

1860ஆம் ஆண்டில் கொப்டன் முயற்சியால் பிரான்சுடன் வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. கிளாட்ஸ்டன் தீர்வையைப் பெரிதும் குறைத்தார். உணவுச்சாலைகளும் உரிமம் பெற்று மது விற்க அவ்வாண்டிலேயே சட்டம் இடந்தந்தது. கிளாரெட் மீண்டும் எளிதிற் கிடைத்தது. 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ மதுவகைகளை ஐந்து தரங்களாக வகுத்த வரிசையும் பட்டியல்களில் இடம்பெறலாயிற்று.

அந்நிலையிற் பகைவன் மண்ணுக்குள்ளிருந்து வந்தான். அமெரிக்காவிலிருந்து புகுந்த 'பிலொக்செரா' என்னும் சிறு பூச்சி, 1860கள் முதலாகப் பிரெஞ்சுக் கொடிகளின் வேரை உண்டு தோட்டங்களை அழித்தது. அதனைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்க்கொடிகளில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டியே உழவர் மீண்டனர். நோயைத் தந்த நாடே மருந்தையும் தந்தது.

இன்று விருந்தினர் தம் விருப்பத்தாலேயே மதுவைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணுகின்றனர். அவ்விருப்பமோ ஓர் அரசியின் திருமணத்தாலும், கம்பளி வணிகத்தாலும், சுங்கவரிப் புத்தகத்தாலும் உருவாக்கப்பட்டது. மக்கள் தம் இயல்பெனக் கருதும் சுவைகளுட் பல, முன்னோர் காலத்துச் சட்டங்களின் எச்சங்களே.