ஒரே நெல், இரண்டு அரிசி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரிசிக் கடைகளில் வெள்ளை மூட்டைகளுக்கு நடுவே தீட்டாத அரிசியும் இப்போது இடம்பிடித்திருக்கிறது. சர்க்கரை இருப்பவர் அதைக் கையில் அள்ளிப் பார்த்துத் தயங்கினால், "அரைப் பாலிஷ் வாங்கிக்கோங்க, ரெண்டுக்கும் நடுவுல" என்பார் கடைக்காரர். நடுவில்தான் இருக்கிறதா?

உமியை மட்டும் நீக்கினால் தீட்டாத அரிசி. அதன் மேல் தவிட்டையும் முளையையும் தேய்த்தெடுத்தால் வெள்ளை அரிசி. உள்ளே இருக்கும் மாவுச்சத்து இரண்டிலும் ஒன்றே: குளுக்கோஸைக் கோத்துச் செய்த அமைலோஸ், அமைலோபெக்டின்.

உலையில்தான் வழி பிரிகிறது. தவிட்டுத் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அதனால் தீட்டாத அரிசியை ஊறவைக்க வேண்டும். வெந்த பிறகும் சோறு விறைப்பாக, மெல்ல வேண்டியதாக இருக்கும். வெள்ளை அரிசி சீக்கிரம் வெந்து குழையும். குழைந்த மாவுச்சத்தை அமைலேஸ் நொதி விரைவில் உடைக்க, குளுக்கோஸ் ரத்தத்தில் சட்டென ஏறுகிறது.

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை (எம்.டி.ஆர்.எஃப்.) பி.பி.டி. ரகப் புழுங்கல் அரிசியை தீட்டாமலும், சிறிதளவு தீட்டியும், முழுதும் தீட்டியும் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. குளுக்கோஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதை 100 என்று வைத்தால், தீட்டாத அரிசியின் கிளைசீமிக் குறியீடு 57.6, முழுதும் தீட்டியதற்கு 79.6. வெறும் 2.3 சதவீதம் தீட்டிய அரிசிக்கோ 73! 70-ஐத் தொட்டாலே அது 'உயர்' வகை. மொத்தம் ஏறிய 22 புள்ளிகளில் 15-க்கு மேல் அந்த முதல் தேய்ப்பிலேயே ஏறிவிடுகின்றன. ஆக, அரைப் பாலிஷ் நடுவில் இல்லை. வெள்ளைக்குப் பக்கத்து வீடு.

அதே நிறுவனம் உடல் எடை கூடியவர்களிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை அரிசி உண்ட நாள்களைவிடத் தீட்டாத அரிசி உண்ட நாள்களில் 24 மணி நேர ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. கூடவே பருப்பு வகை சேர்ந்தபோது சுமார் 23 சதவீதம்.

வெள்ளை அரிசிக்கும் சில வசதிகள் உண்டு. இட்லி, பொங்கலுக்கு அது இணங்கும், மாதக்கணக்கில் கெடாது. தீட்டாத அரிசியோ தவிட்டு எண்ணெயால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்; கொஞ்சமாக வாங்குவதே நல்லது. 57.6-உம் இடைநிலைதான், அளவில்லாமல் உண்ண அது அனுமதிச் சீட்டு அல்ல.

சர்க்கரைக்காக அரிசியை மாற்றுகிறீர்களா? முழுக்கத் தீட்டாததையே வாங்குங்கள். அது ஒத்துவரவில்லையென்றால், அரைப் பாலிஷுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, வெள்ளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பருப்பில் ஒரு கரண்டியைக் கூட்டுங்கள்.