சரபோஜியின் பொன்னும் ஒரு மாணவியின் கேள்வியும்

பூதலூரில் வரலாறு நடத்திய காலத்தில், தியாகராஜர் பேச்சு வந்தால் என்னிடம் ஒரு கதை தயாராக இருக்கும். தஞ்சை மன்னர் சரபோஜி பொன்னும் பட்டும் அனுப்பினார். சுவாமிகள் ஏறெடுத்தும் பார்க்காமல் 'நிதி சால சுகமா' பாடினார். ஆத்திரமடைந்த அண்ணன் பூஜை விக்கிரகங்களைக் காவிரியில் வீசினார். வகுப்பு மூச்சு விடாமல் கேட்கும். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, "சார், அந்தப் பாட்டுல ராஜா பேரு வருதா?" என்றாள். எனக்குத் தெலுங்கு தெரியாது. "உட்காரும்மா" என்று அடக்கிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெலுங்கு தெரிந்த நண்பரிடம் வரிக்கு வரி பொருள் கேட்டேன். சரபோஜி இல்லை, தஞ்சாவூர் இல்லை. மனிதரைப் புகழ்ந்து பாடுவதில் என்ன சுகம் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. என்றைக்கு, யாரை நினைத்துப் பாடினார் என்பது பாட்டில் கிடையாது.

கதை நடந்திருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்து 1847 ஜனவரி 6ஆம் தேதி திருவையாற்றில் மறைந்தவர். சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டவர். காலம் பொருந்துகிறது. குரு சொண்டி வேங்கடரமணய்யாவே அரண்மனை வித்வான்தான். அப்படியிருந்தும் எந்த அரசன் மேலும் அவர் பாடிய கிருதி ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது அந்தப் பொன்மூட்டைக் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அண்ணன் விஷயம் வேறு மாதிரி. காபி ராகத்தில் 'அந்யாயமு ஸேயகுரா' என்ற கிருதியில், அண்ணனால் படும் தொல்லையை அவரே ராமனிடம் முறையிடுகிறார். ஆக, வீட்டுச் சண்டை நிஜம். விக்கிரகத்தை ஆற்றில் எறிந்ததற்கு அந்தப் பாட்டில் சாட்சி இல்லை. பாவம், அந்த மனிதர் தரப்பை யாரும் எழுதி வைக்கவில்லை!

24,000 கீர்த்தனைகள் என்றும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று கிடைப்பவை ஏறத்தாழ 700. சீடர்கள் அவரை வால்மீகியின் அவதாரமாகவே கொண்டாடினார்கள். வால்மீகி ராமாயணத்துக்குச் சொல்லப்படும் சுலோகக் கணக்கும் அதே 24,000! எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்காக எனக்குத் தோன்றவில்லை. எண்ணக்கூடியதை நமக்கு விட்டுச் சென்றவர்கள் ஏடும் எழுத்துமாக உட்கார்ந்த சீடர்கள்தான். அதில் முதன்மையானவர் நம் அய்யம்பேட்டையில் பிறந்த வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவர் வழிவந்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. அவர் பெயரை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

அந்த மாணவி இதைப் படித்தால்: வரவில்லையம்மா. அன்றைக்கு உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.